மாரிக்காலமும் மின்வண்டியும்

நம் முன்னோர் ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். அவற்றுள் ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். ஆயினும், சென்னையில் வாழும் நமக்கு மெய்யான மழைக்காலம் கூதிரேயாம். வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொணரும் மழையே இந்நகரின் ஏரிகளை நிரப்புவது. அதுவே இதன் தெருக்களையும் நிரப்புவது. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த நுட்பத்தை வகுப்பிற் பயின்று வியக்கும் நாமே, வகுப்பு முடிந்து வெளிவந்ததும், நனைந்து நிற்கும் நம் வண்டியைக் கண்டு அம்மழையை நொந்துகொள்கின்றோம்.

அவ்வண்டிகளுட் பல இந்நாளில் பெட்ரோலால் ஓடுவன அல்ல, மின்சாரத்தால் ஓடுவன. நம் கல்லூரியிலும் ஆசிரியரும் மாணவரும் மின் ஸ்கூட்டரில் வருதல் கண்கூடு. இலக்கியம் பயிலும் ஒருவன் அவ்வண்டியைப் பற்றி எழுதப் புகுவது ஏன் என நண்பர்கள் வினவலாம். யான் பொறியியல் கற்றவன் அல்லேன். ஆயினும், ஒரு மழையிரவில் யான் செய்யப் புகுந்த பிழை என்னைக் கற்கச் செய்தது. அப்பிழையை முதற்கண் கூறிப் பின்னர்க் கற்றவற்றைக் கூறுவல்.

2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் பெஞ்சல் என்னும் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. அன்று சென்னையிலும் பெருமழை. என் தமையனார் வீடுதோறும் பொருள் கொண்டு சேர்க்கும் தொழிலினர். தவணை முறையில் வாங்கிய மின் ஸ்கூட்டரே அவர்க்கு ஏரும் எருதும் ஆவது. அன்று அவர் காய்ச்சலாற் படுத்திருந்தார். பாட்டிக்கு மருந்து வாங்க வேண்டியிருந்தமையால் யான் அவ்வண்டியை எடுத்துச் சென்றேன். மீளும் வழியில் தெருவில் முழங்கால் அளவு நீர் நின்றது. பெட்ரோல் வண்டிகள் சில நடுநீரில் இருமி நின்றுவிட, என் வண்டி மட்டும் ஓசையின்றி நீரைக் கிழித்துச் சென்றது. யான் பெருமிதமுற்றேன். வீட்டு வாயிலை அடைந்த பின்னரே அது இருமுறை குலுங்கி நின்றது.

அளவுகாட்டியைப் பார்த்தேன்; மின்சாரம் குறைந்திருந்தது. விடிந்ததும் தமையனார்க்கு வண்டி வேண்டுமே என்னுங் கவலையால் அதனை முன்னறையில் ஏற்றி, நன்றாகத் துடைத்து, சார்ஜரைக் கையில் எடுத்தேன். அவ்வறையிலேதான் பாட்டி உறங்கிக்கொண்டிருந்தார். அரவங் கேட்டுத் தமையனார் எழுந்து வந்தார்.

"தம்பி, பிளக்கைச் செருகாதே. வண்டியை வெளியே தள்ளு."

"நன்றாகத் துடைத்துவிட்டேனே, அண்ணா."

"நீ துடைத்தது மேலே" என்றார் அவர்.

அவ்வொரு சொல்லே இக்கட்டுரையின் கரு. மழைக்காலத்தில் மின்வண்டிக்குப் பகை பெய்யும் நீர் அன்று. உள்ளே தங்கும் நீரே. இதனை விளக்குதும்.

நீரும் மின்சாரமும்

காய்ச்சி வடித்த தூய நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துவதன்று. அதில் உப்புக்கள் கரைந்தவழியே அது நல்ல கடத்தியாகின்றது. வானிலிருந்து விழும் மழைத்துளி பெரும்பாலும் தூயது. அதுவே தெருவில் ஓடுங்கால் மண்ணையும் சாக்கடையையும், கடற்கரையை அடுத்த இடங்களில் கடலுப்பையும் சேர்த்துக்கொள்கின்றது. ஆகலின், தலைமேல் விழும் மழையினும், சக்கரம் கீழிருந்து வாரி வீசும் நீரே வண்டிக்குப் பெருந்தீங்கு செய்வதாம்.

அத்தீங்கு இருவகைப்படும். ஒன்று உடனே தோன்றுவது. மின்வண்டியின் உறுப்புக்கள் சிறு மின்குறிகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. கைப்பிடியைத் திருகும்போது ஆங்குள்ள காந்தம் அசைய, அதனருகேயுள்ள ஹால் சென்சார் என்னும் உணர்கருவி அவ்வசைவைச் சில வோல்ட் அளவினதாகிய குறியாக மாற்றிக் கண்ட்ரோலர் என்னும் ஆட்சிப்பெட்டிக்கு அனுப்புகின்றது. மோட்டாரினுள்ளும் மூன்று உணர்கருவிகள் இருந்து, சக்கரம் எந்நிலையில் உள்ளது என்பதை அறிவிக்கின்றன. இவற்றின் இணைப்பில் ஒருதுளி அழுக்குநீர் புகுந்தால், மின்சாரம் வழியல்லா வழியிற் கசிந்து குறி திரிகின்றது. திரிந்த குறியைக் கண்ட ஆட்சிப்பெட்டி மோட்டாரை நிறுத்துகின்றது. இது வண்டி செய்யும் குற்றமன்று. தன்னைக் காத்துக்கொள்ளும் செயலே. நீர் உலர்ந்தால் இவ்வகைக் கோளாறு பெரும்பாலும் நீங்கும்.

மற்றொன்று மெல்லத் தோன்றுவது, அதுவே கொடியது. ஈரமுள்ள இணைப்பில் நேர்மின்சாரம் நின்றால், நேர்முனையிலுள்ள செம்பு சிறிது சிறிதாகக் கரைகின்றது. கரைந்த செம்பு பச்சை நிறப் பூச்சாகப் படிதலை இணைப்புக்களைத் திறந்து பார்ப்போர் காண்பர். அப்பூச்சு மின்னோட்டத்திற்குத் தடை. தடை சிறிதாயினும் அதனால் விளையும் வெப்பம் சிறிதன்று. 40 ஆம்பியர் மின்னோட்டம் 0.01 ஓம் தடையுள்ள ஓரிணைப்பின் வழியே செல்லுமாயின், அவ்விடத்தே 16 வாட் வெப்பம் தோன்றும். விரல்நுனி அளவான இடத்தில் இவ்வெப்பம் தங்கினால் பிளாஸ்டிக் உருகும். கார்த்திகையிற் புகுந்த நீர், தையிலோ மாசியிலோ வெயில் காயும் ஒருநாளில் வண்டியை நிறுத்துவது இவ்வாற்றான் என்க. அன்று மழையை யார் நினைப்பர்?

நீர் புகும் வழி

நீர் புகும் வழிகள் இரண்டு. முதல்வழி கம்பிகள். சக்கரத்தினுள்ளே மோட்டார் அமைந்த வண்டிகளில் கம்பிகள் அச்சின் வழியே உட்செல்கின்றன. நுண்ணிய குழாயில் நீர் தானே ஏறுவது போன்று, கம்பி இழைகளின் இடைவெளியிலும் நீர் ஊர்ந்து செல்லும். சிறிய ஸ்கூட்டர்களில் அவ்வச்சு தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் உள்ளது. ஆதலின், அச்சினை மூடும் நீரில் இறங்காதிருத்தல் எளிய விதி. முழங்கால் நீரில் இறங்கிய யான், அச்சினை மட்டுமோ, கால்வைக்கும் பலகையின் கீழுள்ள பேட்டரிப் பெட்டியையும் நீரில் அமிழ்த்தினேன்.

இரண்டாம் வழி வியப்பிற்குரியது, பெட்டியின் மூச்சு. ஓடும் வண்டியின் ஆட்சிப்பெட்டி சூடேறும். அதனுள்ளிருக்கும் காற்றும் சூடேறி விரிந்து, சிறு துளைகளின் வழியே வெளியேறும். அச்சூட்டோடு அது குளிர்ந்த நீரில் இறங்கினால், உட்காற்று சுருங்குகின்றது. 57 பாகை செல்சியஸிலிருந்து 27 பாகைக்குக் குளிருமாயின், உள்ளழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். வளிமண்டல அழுத்தம் சற்றேறக்குறைய 10 மீட்டர் உயர நீரின் அழுத்தத்திற்கு ஒப்பாதலின், இக்குறைவு ஒரு மீட்டர் ஆழ நீர் அமுக்குவதற்கு நிகராம். எனவே, ஒரு சாண் நீரில் இறங்கிய பெட்டி, மூன்றடிக்கு மேற்பட்ட ஆழத்தில் மூழ்கியது போலவே நீரை உள்ளுறிஞ்சும். நீர் புகாது காற்று மட்டும் புகும் நுண்படலத்தைச் சில பெட்டிகளில் அமைப்பது இம்மூச்சிற்கு வழிவிடுதற்கேயாம்.

பெட்ரோல் எஞ்சின் காற்றை உட்கொள்வது. அதன் மூச்சுவழியில் நீர் புகுந்தால் உடனே நின்றுவிடும். மின்மோட்டார்க்கு அக்காற்று வேண்டா. ஆதலின் அது நீரினூடும் ஓடும். ஓடுகின்றதே என்று நாம் மகிழ்வது பேதைமை. பெட்ரோல் வண்டி தனக்கு நேர்ந்ததை அப்பொழுதே சொல்லிவிடுகின்றது. மின்வண்டியோ பிற்பாடு சொல்லும்.

நோய்க்குறிகள்

மருத்துவர் நாடி பார்த்தல் போல, குறி கொண்டு கோளாறு அறியலாம்.

1. விளக்குக்கள் எரிகின்றன, கைப்பிடியைத் திருகியும் வண்டி நகரவில்லை. இந்நிலையிற் பின்விளக்கைப் பார்க்க. பிரேக்கைப் பிடியாதபோதும் பிரேக் விளக்கு ஒளிருமாயின், பிரேக் சுவிட்சில் நீர் புகுந்தது எனக் கொள்ளலாம். பிரேக் பிடித்ததாக எண்ணியே ஆட்சிப்பெட்டி மோட்டாரைத் தடுக்கின்றது.

2. வண்டி குலுங்குகின்றது, திக்கித் திக்கிச் செல்கின்றது. மோட்டாரின் உணர்கருவிகளோ அவற்றின் இணைப்போ நனைந்திருத்தல் கூடும்.

3. ஓடும்போதே விளக்கும் மோட்டாரும் ஒருசேர அணைகின்றன. பேட்டரியின் காவற்சுற்று ஏதோ தீங்கினை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டித்திருக்கலாம். இதனை மீண்டும் மீண்டும் உயிர்ப்பிக்க முயலற்க.

4. சார்ஜரைச் செருகியதும் வீட்டின் மின்காப்பு விழுகின்றது. இஃது எச்சரிக்கைகளுள் தலையாயது. காப்பினை மறுபடி தூக்கிவிட்டுப் பார்த்தல் ஆகாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி வீட்டில் இருத்தல் நன்று. அது விழுந்தது ஓருயிரைக் காத்தற்கு எனக் கொள்க.

ஐ.பி. என்னும் குறி

வண்டி விற்போர் "இது ஐ.பி. 67, நீரில் ஓட்டலாம்" என்பர். இக்குறியின் பொருளறிந்து கொள்ளுதல் தக்கது. இஃது உலகப் பொதுவாக வகுக்கப்பெற்ற அளவை. முதலெண் தூசி முதலிய திண்பொருள் புகாமையைக் குறிக்கும். இரண்டாமெண் நீர் புகாமையைக் குறிக்கும். இரண்டாமெண் 5 ஆயின், குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 ஆயின், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் அமிழ்ந்திருப்பினும் தீங்குறும் அளவு நீர் புகாது.

ஈண்டு மூன்று கருதற்பாலன. சோதனை செய்யப்படுவது புதிய பொருள். நாம் ஓட்டுவதோ மேடுபள்ளங்களில் அதிர்ந்து, ரப்பர் வளையம் தளர்ந்த பழைய பொருள். சோதனை நீர் தூயது. தெருநீர் அத்தகையது அன்று. பேட்டரிப் பெட்டிக்கு இக்குறி இருப்பதனாலேயே கைப்பிடிக்கும் சார்ஜ் ஏற்றும் துளைக்கும் அஃது உண்டு என்பதும் இல்லை. மேலும், மின்வண்டிகள் சில தீப்பற்றியமையை அடுத்து, இந்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை 2022-இல் கடுமையாக்கி, 2022 டிசம்பர் முதலும் 2023 மார்ச் 31 முதலும் இரு கட்டங்களாக நடைமுறைப்படுத்தியது. அவற்றிற்கு முற்பட்ட வண்டியையுடையோர் பின்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

செய்யத்தக்கன

மழைக்கு முன்: புரட்டாசி முடிவதற்குள் வண்டியைப் பழுது பார்ப்போரிடங் கொண்டு சென்று, இணைப்புக்களைத் திறந்து, பச்சைப் பூச்சிருப்பின் நீக்கி, மின்சாரம் கடத்தாத சிலிக்கோன் கிரீஸ் தடவச் செய்க. தளர்ந்த ரப்பர் மூடிகளை மாற்றுக. கம்பி இணைப்பினை அடையுமுன், சிறிது கீழே தொங்கிப் பின் மேலேறுமாறு கட்டச் செய்க. கம்பி வழியே ஓடிவரும் நீர் அத்தாழ்ந்த வளைவிற் சொட்டிவிடும், இணைப்பை அடையாது. மரத்தின் இலைநுனி கூர்ந்து தாழ்ந்து நீரைச் சொட்டிவிடுவதும் இம்முறையே அன்றோ?

மழையின்போது: அச்சின் அளவை மிஞ்சிய நீரில் இறங்கற்க. நெடுந்தொலை ஓடிச் சூடேறிய வண்டியாயின் சற்று நிறுத்தி ஆறவிடுக. வழுக்குஞ் சாலையில் மெதுவே செல்க. கைப்பிடியை விட்டவுடன் மோட்டாரே வேகத்தைத் தடுக்கும் வண்டிகளில் அத்தடையைக் குறைத்து வைத்தல் நலம். இல்லையேல் பின்சக்கரம் சறுக்கும். வண்டியைப் போர்த்தும்போது கீழே காற்று உலவ இடம் விடுக. இறுக மூடிய போர்வை ஈரத்தையே காக்கும். சேறு கழுவுதற்கு மிகுந்த அழுத்தமுள்ள நீர்ப்பீய்ச்சியைப் பயன்படுத்தற்க.

நீரில் மூழ்கிய பின்: சாவியை அணைத்து, இருக்கையின் கீழ்ச் சுவிட்ச் இருப்பின் அதனையும் அணைக்க. ஓடுகின்றதா எனச் சோதித்துப் பார்க்கற்க; சார்ஜ் ஏற்றற்க. வீட்டுச் சுவரினின்றும் பிற வண்டிகளினின்றும் விலக்கி, மழைபடாத திறந்த இடத்தில் நிறுத்துக. நீரின் அடையாளம் எவ்வளவு உயரம் உள்ளது எனப் படம் எடுத்து வைக்க. பழுது பார்ப்போர்க்கும் காப்புறுதிக்கும் அது பயன்படும். தலைமயிர் உலர்த்தும் பொறியின் வெங்காற்றும் கடுவெயிலும் வேண்டா. ரப்பரும் பிளாஸ்டிக்கும் கெடும். பேட்டரிப் பெட்டியை நாமே திறத்தல் ஒருகாலும் கூடாது.

சார்ஜ் ஏற்றுதல் பற்றி

இறுதியாக, என் பிழைக்கு வருவேன். லித்தியம் அயனி பேட்டரி 1991-இல் விற்பனைக்கு வந்தது. அதனை ஆக்கிய ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவர்க்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. சிறிய உருவில் பேராற்றலை அடக்கியிருப்பதே அதன் சிறப்பு; அதன் அச்சமும் அதுவே. ஸ்கூட்டர் ஒன்றின் பேட்டரியில், 3.65 வோல்ட் அளவான அறைகள் 14 தொடராக இணைந்தால் 51 வோல்ட் ஆகும். ஒவ்வோர் அறையிலிருந்தும் மெல்லிய கம்பிகள் காவற்சுற்றிற்குச் செல்கின்றன. அக்கம்பிகளின் நடுவே உப்புநீர் தங்கினால், அறைகள் தமக்குள்ளே குறுக்கிணைப்பு எய்தும். நீர் வற்றினும் உப்பு அங்கேயே தங்கும். பின்னர் ஈரக்காற்றுப் பட்டதும் அது மீண்டும் கடத்தும்.

2012 அக்டோபரில் அமெரிக்காவைத் தாக்கிய ஸாண்டி புயலின்போது நூவர்க் துறைமுகத்தில் கடல்நீரில் மூழ்கிய, மின்சாரத்தாலும் பெட்ரோலாலும் ஓடும் கலப்பினக் கார்கள் 16 எரிந்தன. 2022 செப்டம்பரில் புளோரிடாவைத் தாக்கிய இயன் புயலின் பின்னர், நீர் வடிந்து நாட்கள் சில கழிந்தபோதும் கார்கள் தீப்பற்றின. நனைந்த வண்டியெல்லாம் எரியும் என்பது இதன் பொருளன்று. அவை கடல்நீரில் மூழ்கியவை. ஆயினும், காலந் தாழ்த்தும் தீங்கு வரும் என்பதற்கு அவை சான்றாம். புகையோ, சீறும் ஒலியோ, இனிய மருந்து போன்ற மணமோ தோன்றின், வண்டியை நெருங்காது அனைவரையும் வெளியேற்றி, 101 என்னும் எண்ணில் தீயணைப்பு நிலையத்தாரை அழைக்க.

நல்ல நாளிலும் ஒரு விதி உண்டு: உறங்குவோர் அறையிலும், வெளியேறும் வாயிலை மறித்தும், சார்ஜ் ஏற்றற்க. யான் அவ்விரவில் இரண்டனையும் ஒருங்கே செய்ய முற்பட்டேன்.

மறுநாள் மழை ஓய்ந்த பின் வண்டியைத் தள்ளிக்கொண்டு சென்றோம். மெக்கானிக் சார்ஜ் ஏற்றும் துளையின் பின்புறத்தைத் திறந்து காட்டினார். யான் துடைத்துப் பளபளக்கச் செய்திருந்த மூடியின் பின்னே சேற்றுநீர் தேங்கி நின்றது. "தம்பி, இதிலா செருகப் பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். யான் மறுமொழி கூறவில்லை. செருகியிருந்தால் தீப்பற்றியிருக்கும் எனத் துணிந்து கூறல் இயலாது. பற்றியிராது எனவுங் கூறல் இயலாது. அவ்விரண்டிற்கும் இடையே பாட்டி உறங்கிக்கொண்டிருந்தார்.

இணைப்புக்களைக் கழுவி உலர்த்தி, பேட்டரியைச் சோதித்துத் தருதற்கு ஆறு நாள் ஆயின. ஆறு நாளும் தமையனார்க்கு வருவாய் இல்லை. தவணை மட்டும் நின்றபாடில்லை. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏழாம் நாள் வண்டி வந்ததும் அதனை வெளியே, தாழ்வாரத்தில், கதவிற்கு அப்பால் நிறுத்தினார். இன்றும் அங்கேயே நிற்கின்றது.

நண்பர்காள்! வரும் ஐப்பசியில் உங்கள் வண்டி நனையும். அதனைத் தடுத்தல் எவர்க்கும் அரிது. நனைந்த வண்டியைத் துடைத்து முடித்ததும், துடைத்தது மேலே என்பதை நினைந்து, அன்றிரவு மட்டும் சார்ஜரை எடாதிருங்கள். மறுநாள் பேருந்திற் கல்லூரிக்கு வருதல் இழிவன்று.